பெயர் தெரியாத கடல்மீன்: கரையிலேயே கேட்பதா, வீட்டுக்குக் கொண்டுவந்து தேடுவதா?

மலையகத்தில் வாழும் நமக்குக் கடல்மீன் என்பது பெரும்பாலும் லொறியில் ஏறி வருகின்ற ஒன்றாகவே இருக்கிறது. பதுளையிலோ பண்டாரவளையிலோ ஹட்டனிலோ சந்தைக்குப் போனால் தோரா, பலயா, கெலவல்லா, லின்னா, சாலயா என்று சிங்களப் பெயர்களோடு ஐஸில் கிடக்கும் சில வகைகளைத்தான் நாம் அடையாளம் சொல்வோம். மற்றவை எல்லாம் கருவாடாகவும் மாசியாகவும் நம்மிடம் வந்து சேருவதால், அவற்றின் முழு உருவத்தை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. இப்படி வளர்ந்த ஒருவர் விடுமுறைக்குக் கரையோரத்து உறவினர் வீட்டுக்குப் போய், படகில் ஏறித் தூண்டில் போட்டு, வாழ்நாளில் காணாத ஒரு மீனைத் தூக்கிவிட்டால், அது என்ன மீன் என்பதை எந்த வழியில் அறிந்துகொள்வது நல்லது? கரையில் உள்ள மீனவரிடம் கேட்பது, ஊர் மீன்கடைக்காரரிடம் காட்டுவது, கைபேசிச் செயலியில் படத்தைப் போடுவது, கள வழிகாட்டி நூலை வைத்துச் செட்டை முள்ளை எண்ணிப் பார்ப்பது, ஆராய்ச்சி நிறுவனத்தை நாடுவது எனப் பல வழிகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவற்றை நானே முயன்று பார்த்திருப்பதால், எது எந்த இடத்தில் கைகொடுக்கும், எது கைவிடும் என்பதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

என் அக்கா மட்டக்களப்பில் கல்லடியில் வாழ்க்கைப்பட்டவர். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நாங்கள் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வந்து, அங்கிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் அங்கே போவது வழக்கம். ஒரு முறை அத்தானோடும் அவருக்குத் தெரிந்த வயதான மீனவர் ஒருவரோடும் பைபர் படகில் போனபோது, கணவாய்த் துண்டு கோர்த்த என் தூண்டிலில் ஏறக்குறைய ஒரு கை நீளமுள்ள மீன் ஒன்று மாட்டியது. முதுகு கரும்பழுப்பு, பக்கவாட்டில் கருமையான அகன்ற பட்டையும் அதன் ஓரமாக வெள்ளிக் கோடும், தலை மேலிருந்து அழுத்திவிட்டாற்போலத் தட்டை, கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று முன்னே நீண்டிருந்தது. தண்ணீருக்குள் கண்டபோது அதைச் சுறாக்குட்டி என்றே நான் நினைத்தேன். படகுக்குள் வந்து விழுந்ததும் பெரியவர் ஒரு கணம்கூடத் தயங்காமல், “இது சுறா இல்ல தம்பி, கடல்விரால். முதுகத் தடவிப் பாருங்க” என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரியாத ஒன்று பின்னால் புரிந்தது. ‘இது என்ன மீன்?’ என்ற கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: இதைக் கையால் தொடலாமா, சமைத்து உண்ணலாமா என்பது ஒன்று, இதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறதா என்பது மற்றொன்று, இது எந்த இனம் என்று உறுதியாக எழுதிவைக்க முடியுமா என்பது மூன்றாவது. வழிகளை ஒப்பிடும்போது எந்தக் கேள்விக்காக ஒப்பிடுகிறோம் என்பதை மறந்துவிட்டால், செயலி பெரிதா மீனவர் பெரியவரா என்ற வீண் வாதத்தில்தான் போய் நிற்போம்.

முதல் கேள்விக்குக் கரையோர மீனவரை விஞ்சிய வழி எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் மீனை உயிரோடு, நிறம் மாறாமல், எந்த ஆழத்தில் எந்த இரைக்கு வந்தது என்ற விவரத்தோடு பார்க்கிறார். நாம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ‘இதுபோல் இருக்கிறது’ என்கிறோம். அவரோ அது துள்ளும் விதம், தோலின் வழுவழுப்பு, செவுள் விரியும் விதம் எல்லாவற்றையும் ஒருசேரக் கண்டு சொல்கிறார். எந்த மீனின் எந்த முள் கடுக்கும் என்பது அவருடைய கைக்கே தெரியும். ஓரா மீனின் முட்களிலும் கடற்கெளிற்றின் முட்களிலும் திருக்கையின் வால்முள்ளிலும் நஞ்சு இருப்பதால், பெயர் தெரியாத மீனை முதலில் துணியாலோ கொறட்டாலோ பிடிக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னால் அந்தப் பெரியவரிடமிருந்துதான் நான் கற்றேன். முள் ஏறிவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான நீரில், அதாவது ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் நீரில், அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும் என்பதை மருத்துவர்களும் ஏற்கின்றனர்.

ஆனால் மீனவர் சொல்லும் பெயரை அப்படியே கொண்டுபோய் இனப்பெயராக எழுதிவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஊர்ப்பெயர்கள் பிடிப்பதற்கும் விற்பதற்கும் உண்பதற்கும் ஏற்றபடி அமைந்தவை. ‘பாரை’ என்ற ஒரே சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கும். அவை எல்லாவற்றையும் வெவ்வேறாகப் பிரித்துப் பெயரிட வேண்டிய தேவை சந்தைக்கு இல்லை. அதற்கு நேர்மாறாக ஒரே மீனுக்குக் கரைக்குக் கரை வெவ்வேறு பெயர்களும் வழங்குகின்றன. நமது சந்தையில் தோரா என்கிற மீனை வடக்கிலும் கிழக்கிலும் அறுக்குளா என்கிறார்கள்; தமிழ்நாட்டுக்காரர் வஞ்சிரம் என்பார். கடல்விரால் என்ற பெயரும் இத்தகையதே. நமக்கு விரால் என்றால் குளத்து மீன்தான் நினைவுக்கு வரும்; தலையின் தட்டையும் உடலின் நீளமும் ஒத்திருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாமே தவிர, இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. கடல்விரால் தன் குடும்பத்தில் தனியொரு இனமாக நிற்பது. 1766இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயசு அதற்கு அறிவியல் பெயரிட்டார். 2 மீற்றர் நீளம் வரையிலும் 68 கிலோ வரையிலும் வளர்ந்த மீன்கள் பதிவாகியுள்ளன. ஆகவே மீனவரிடம் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாமல், “எதைப் பார்த்துச் சொல்றீங்க, ஐயா?” என்றும் கேட்க வேண்டும். பெயர் ஊருக்கு ஊர் மாறும், அடையாளம் மாறாது.

ஊர் மீன்கடைக்காரரிடம் காட்டும் வழியை நான் நீண்ட நேரம் எடைபோடப் போவதில்லை. அவருக்குத் தாம் விற்கும் மீன்கள் நன்றாகத் தெரியும். விற்காத மீன் தெரியாமல் போவது அவருடைய குறையன்று. இதற்கு முன்பு ஒரு தடவை, தலையையும் வாலையும் வெட்டித் துப்புரவு செய்து கொண்டுவந்த மீன்துண்டுகளை நான் ஒரு கடையில் காட்டியபோது, அவர் தோலின் நிறத்தைப் பார்த்து ‘மோரா’, அதாவது சுறா, என்றார். சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அந்தத் துண்டின் தோல் எந்தப் பக்கம் தடவினாலும் வழுக்கியது. பிழை என்னுடையதுதான்: அடையாளம் சொல்லும் பகுதிகளை எல்லாம் வெட்டிக் கடலில் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு பெயர் கேட்டேன்.

கைபேசிச் செயலிகள் பற்றி இன்றைய இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். கூகுள் லென்ஸ் போன்றவை படத்தின் ஒட்டுமொத்தத் தோற்றத்தை இணையத்திலுள்ள மற்றப் படங்களோடு ஒப்பிடுகின்றன. தெளிவான நிறமும் தனித்த வடிவமும் உள்ள மீன்களுக்கு அவை வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்லும். ஆனால் மீன்களில் மிகப்பல, ஒன்றுக்கொன்று தோற்றத்தில் நெருங்கியவையாகவும், செட்டை முட்களின் எண்ணிக்கையிலும் பற்களின் அமைப்பிலும் மட்டுமே வேறுபட்டவையாகவும் இருக்கின்றன. அந்த வேறுபாடு படத்தில் விழாவிட்டால் செயலிக்கும் அது இல்லாததுதான். என் கடல்விராலின் படத்தைப் போட்டபோது, கடல்விராலோடு சேர்த்து, சுறாக்களின் மேல் ஒட்டிக்கொண்டு திரியும் ஒட்டுமீனையும் பட்டியலில் காட்டியது. பக்கப் பட்டையும் நீண்ட உடலும் இரண்டுக்கும் பொது என்பதால் அந்தக் குழப்பம் இயல்பானதே. உச்சந்தலையில் ஒட்டுவதற்கான தட்டு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் ஒரு நொடியில் தீரும் வழக்கு அது. ஆனால் நான் பக்கத்திலிருந்து மட்டுமே படம் எடுத்திருந்தேன்.

செயலிகளிலேயே ‘ஐநேச்சுரலிஸ்ட்’ சற்று வேறு வகையானது. 2008இல் தொடங்கிய அது, இயந்திரம் சொல்லும் பெயரோடு நிற்காமல், உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் அறிஞர்களும் படத்தைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்ல இடமளிக்கிறது; கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஓர் இனப்பெயரில் உடன்பட்டால்தான் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறும். மூன்றாவது கேள்விக்கு, அதாவது இனத்தை உறுதிப்படுத்துவதற்கு, சாதாரண மனிதர் கையில் உள்ள மிகச் சிறந்த வழிகளில் இது ஒன்று என்பேன். ஆனால் பதில் சில நிமிடங்களிலும் வரலாம், சில மாதங்களிலும் வரலாம். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு அந்தப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

இனி, நான் மனதார விரும்பும் வழிக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1994இல் இலங்கையின் கடல்வளங்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கள வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு குடும்பத்தையும் கோட்டுப்படங்களோடு பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இதற்குத் துணையாக, 35,000க்கு மேற்பட்ட மீனினங்களின் விவரங்களைக் கொண்ட ‘ஃபிஷ்பேஸ்’ தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; ஒரு நாட்டின் பெயரைக் கொடுத்து அங்கே பதிவான மீன்களை மட்டும் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போகலாம்.

இந்த வழி கேட்பது பொறுமையை மட்டும்தான். கடல்விராலின் முதுகை நான் எப்படி எண்ணினேன் என்று சொல்கிறேன். பெரியவர் சொன்னபடி விரலால் தடவியபோது முதலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. செதில்கள் மிகச் சிறியவையாகத் தடித்த தோலுக்குள் புதைந்திருந்ததால், நனைந்த தோலைத் தடவுவது போலவே இருந்தது. பிறகு தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து, தலைக்குப் பின்னால் முதுகின் நடுக்கோட்டில் மெல்லக் கீறிக்கொண்டு போனபோது, சிறு பள்ளத்துக்குள் படுத்திருந்த குட்டை முள் ஒன்று நிமிர்ந்தது. அதை அடுத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. முள்ளுக்கு முள் சவ்வால் இணைக்கப்படாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து, ஈர்க்கை எடுத்ததும் மறுபடியும் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் 8. நூல்கள் இந்த இனத்துக்கு 7 முதல் 9 வரை என்கின்றன. பக்கத்தில் ஐந்து செவுள் பிளவுகள் இல்லாமல் ஒற்றைச் செவுள்மூடி இருந்ததால் சுறா அல்ல. உச்சந்தலையில் தட்டு இல்லாததால் ஒட்டுமீனும் அல்ல. அந்த எட்டு முட்களும் நிமிர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் செயலி காட்டிய எந்தப் பெயரும் தந்ததில்லை.

எல்லா மீனுக்கும் இவ்வளவு எண்ணத் தேவையில்லை. குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்; அதற்குச் சில அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வாலுக்கு முன்னால் முதுகிலும் அடியிலும் வரிசையாகச் சிறு தனிச்செட்டைகள் இருந்தால், பெரும்பாலும் அது சூரை, அறுக்குளா, கும்பளா குடும்பம். உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டின் பின்பகுதியில் கையைக் கீறும் தடித்த செதில்கள் வரிசையாக இருந்து, குதச் செட்டைக்கு முன்னால் தனியாக இரண்டு முட்கள் இருந்தால் பாரைக் குடும்பத்தை முதலில் பாருங்கள். முதுகுச் செட்டையில் 13 முட்களும் குதச் செட்டையில் 7 முட்களும் இருந்தால் அது ஓராதான். குதச் செட்டையில் இத்தனை முள் என்பது அந்தக் குடும்பத்தின் தனி முத்திரை.

ஆராய்ச்சி நிறுவனத்தை நாடும் வழி மிகத் திடமானது, ஆனால் மிக மெதுவானது. ‘நாரா’ என்று எல்லோரும் அழைக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி நிறுவனம் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. கொழும்பு மட்டக்குளியில் இயங்குகிறது. கடலில் அரிதான, எந்த நூலிலும் பொருந்தாத மீன் ஒன்று கிடைத்தால் அவர்களுக்குத் தெரிவிப்பது நம் கடமையும்கூட. மரபணுவின் சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியை வாசித்து இனத்தைச் சொல்லும் முறை 2003இல் முன்வைக்கப்பட்டு இப்போது பரவலாகியுள்ளது. ஆனால் வீட்டுக்கு ஒரு மீன் கொண்டுவருபவருக்கு அது தேவைப்படுவதில்லை.

சட்டத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வாலின் மேல்பகுதி உடம்பளவுக்கு நீண்டிருக்கும் கசைவால் சுறாவைப் பிடிப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும் இலங்கையில் 2012 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மீனைப் படகிலேயே இனங்கண்டு உயிரோடு விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து செயலியில் பார்த்துத் தெரிந்துகொண்டு பயன் இல்லை.

உண்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேத்தை மீனை எந்த வழியில் எந்தப் பெயரில் யார் ‘நல்லது’ என்று சொன்னாலும் நம் வீட்டுச் சட்டிக்குள் போகக் கூடாது. வயிற்றை ஊதிப் பெருக்கும், கிளி அலகுபோல ஒட்டிய நான்கு பற்களைக் கொண்ட அந்த மீனின் ஈரல், முட்டைப்பை, சில இனங்களில் தோல் ஆகியவற்றில் உள்ள டெட்ரோடோடாக்சின் நஞ்சு சமைப்பதால் அழியாது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும் வரை போகும். இனி சூரை, கும்பளாக் குடும்பத்து மீனென்றால் நஞ்சு மீனில் பிறவியிலேயே இல்லை, நம் பயணத்தில் உருவாகிறது. சூட்டில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹிஸ்டமின், பிறகு எவ்வளவு கொதித்தாலும் போகாது. மகாஓயா வெயிலில் மணிக்கணக்காக வேனின் பின்பக்கம் கிடந்த மீன், பண்டாரவளைக் குளிருக்கு வந்துசேர்ந்ததும் நல்ல மீனாகிவிடாது. ஆகவே குடும்பத்தைக் கரையிலேயே தெரிந்துகொண்டால், ரெஜிபோம் பெட்டியில் எவ்வளவு ஐஸ் போட வேண்டும் என்பதும், எதைக் கொண்டுவராமல் அங்கேயே சமைத்து முடிக்க வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நமக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செத்த மீன் மணிக்கு மணி தன் அடையாளங்களை இழந்துகொண்டே வருகிறது. கரையில் பளிச்சென்றிருந்த என் மீனின் வெள்ளிக் கோடு லுணுகலையைத் தாண்டும்போதே மங்கிவிட்டது. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அது வெறும் பழுப்பு மீன். கடற்கரையில் வாழ்பவர் நாளைக்கு இன்னொன்றைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருட விடுமுறையில்தான். எனவே மலையகத்திலிருந்து போகும் ஒருவருக்கு என் பரிந்துரை இதுதான்: உண்ணலாமா, தொடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பவற்றைக் கரையிலேயே மீனவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள், இரண்டு மீனவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த மீனை உண்ண வேண்டாம். இனத்தை உறுதிசெய்வதை நூலுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் ஆர்வலர்களுக்கும் விட்டு, அதற்கான சாட்சியங்களை மட்டும் மீன் ஈரமாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். செயலி சொல்லும் பெயர், நூலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்கு உதவும். அதற்கு மேல் அதை நம்ப நான் தயாராக இல்லை.

எடுக்க வேண்டிய படங்கள் அதிகமில்லை. தலை இடப்பக்கம் இருக்கும்படி முழு மீனையும் பக்கத்திலிருந்து ஒன்று, செட்டைகளை ஈர்க்கால் நிமிர்த்தி வைத்து ஒன்று, மேலிருந்து தலையை ஒன்று, திறந்த வாயை ஒன்று, வயிற்றுப் பக்கத்தை ஒன்று. அளவு தெரிய ஓர் அடிமட்டத்தையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வையுங்கள்.

வயிற்றுப் பக்கத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், சென்ற வருடம் அத்தான் பிடித்த பெரிய பாரை ஒன்றை நான் பக்கத்திலிருந்து மட்டும் நான்கு படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். பெரும்பாரை என்ற இனமாக இருந்தால், நெஞ்சின் அடியில் செதில் இல்லாத பரப்பின் நடுவே சிறிய செதில் திட்டு ஒன்று இருக்க வேண்டும் என்பதை அந்த மீன் கறியாகி முடிந்த பிறகுதான் நூலில் படித்தேன். நான்கு படங்களில் ஒன்றில்கூட நெஞ்சுப் பக்கம் விழவில்லை. என் குறிப்பேட்டில் அது இன்றும் ‘பாரை, கல்லடி, இனம் உறுதியாகவில்லை’ என்றே இருக்கிறது.